பந்தயக் காரும் அப்பா ஓட்டும் காரும்

தொலைக்காட்சியில் கார் பந்தயம் பார்க்கும்போது, "இவ்வளவு வேகமாகப் போனால் ஆபத்து இல்லையா?" என்று யோசித்திருப்பீர்கள். அப்படி யோசிப்பவர்கள்தான் நாளைய விஞ்ஞானிகள். வாருங்கள், விடை தேடுவோம்.

2020 நவம்பர் 29. பஹ்ரைன் நாட்டில் ஃபார்முலா 1 பந்தயம். முதல் சுற்றிலேயே ரொமெய்ன் குரோஜான் என்ற வீரரின் கார், மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதியது. கார் இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. ஏறத்தாழ 28 நொடிகள் அவர் நெருப்புக்குள் இருந்தார். பிறகு தானே ஏறிக் குதித்து வெளியே வந்துவிட்டார்! கைகளில் தீக்காயம். ஆனால் உயிர் தப்பினார்.

எப்படித் தப்பினார்?

கூடைக்குள் வைக்கோல் பரப்பி மாம்பழம் அடுக்குவார்களே, பார்த்திருக்கிறீர்களா? கூடை அடிபட்டாலும் பழம் நசுங்காது. பந்தயக் காரும் அப்படித்தான். முன்பக்கமும் பின்பக்கமும் நொறுங்கி, மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். வீரர் உட்காரும் கூடு மட்டும் நொறுங்காது. தலையைக் காக்க, 'ஹேலோ' என்ற டைட்டானியம் வளையம் உண்டு. 2018 முதல் அது கட்டாயம். உடலை இறுக்கிப் பிடிக்கப் பல பட்டைகள் கொண்ட பெல்ட், எளிதில் தீப்பற்றாத உடை, தலைக்கவசம். முதல் சுற்றில் டாக்டரின் காரும் பின்னாலேயே வரும்.

அப்படியானால் பந்தயத்தில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. 1994இல் அயர்டன் சென்னா என்ற மாபெரும் வீரர் இத்தாலியில் பந்தயத்தின்போது நடந்த விபத்தில் உயிரிழந்தார். அதன் பிறகு பாதுகாப்பு விதிகள் இன்னும் கடுமையாயின.

இப்போது ஒரு கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் எத்தனை மடங்காகும்? இரண்டா? இல்லை, நான்கு! வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது. பிரேக் போட்ட பிறகு வண்டி நிற்கத் தேவைப்படும் தூரமும் இப்படியேதான் கூடும். புரிந்ததா? இல்லையென்றால் இன்னொரு முறை படியுங்கள்.

சரி, நம் சாலைக்கு வருவோம். பந்தயத் தடத்தில் எல்லாக் கார்களும் ஒரே திசையில் போகும். சாலையிலோ எதிரே லாரி வரும், குறுக்கே சைக்கிள் வரும், மாடும் வரும். பின்னால் டாக்டர் வரமாட்டார். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது ஒரே ஒரு நொடி செல்போனைப் பார்த்தால், வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் தாண்டியிருக்கும்!

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாலையில் போகிறவர்கள் கோடிக்கணக்கில். பந்தயம் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர். அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்துப் பந்தயம் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். பந்தய வீரர் ஆபத்து வரும் என்று தெரிந்து, தயாராகப் போகிறார். நாம்தான் "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று அசட்டையாகக் கிளம்பிவிடுகிறோம்.

ஆகவே கண்ணுகளா, பின்சீட்டில் உட்கார்ந்தாலும் சீட் பெல்ட் போடுங்கள். ஸ்கூட்டரில் போனால் ஹெல்மெட்டின் பட்டையை மாட்டுங்கள். அப்பாவோ அம்மாவோ ஓட்டும்போது போனை எடுத்தால், "வேண்டாம்" என்று அன்பாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்!