மருந்துச் சீட்டில் இருக்கும் மணிக்கணக்கு

ஹைதராபாத்தின் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் கொடுக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு ஒன்று ஓடினால், அது டாக்டர் எழுதித் தராமல் சாப்பிடக் கூடாத மருந்து. இதை மக்களுக்குப் புரியவைக்க 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் தனியாகவே பிரசாரம் செய்தது. ஆன்டிபயாடிக்குகள் இந்தக் கோட்டுக்குள் வருபவை.

சீட்டில் 1-1-1, 1-0-1, 1-0-0 என்று எழுதியிருக்கும். காலை, மதியம், இரவு என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் இந்த எண்களுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

அமாக்சிசிலினை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டுமானத்தைத் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை. ரத்தத்தில் அதன் அளவோ ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அளவு ரொம்ப இறங்கினால் கிருமி மறுபடி சுவர் எழுப்பத் தொடங்கும். அதனால்தான் 1-1-1. எட்டு மணி, ஒரு மணி, எட்டு மணி என்று சாப்பாட்டை ஒட்டிப் போட்டுக்கொண்டால் இரவில் பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி விழுந்துவிடுகிறது. முடிந்தவரை எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சிப்ரோஃப்ளாக்சசின் பாதியாக நான்கு மணி நேரம் ஆகும். அதற்கு 1-0-1 போதும். அசித்ரோமைசின் திசுக்களுக்குள் புகுந்து நாள்கணக்கில் தங்கும். அதனால் தினம் ஒன்று, பெரும்பாலும் சில நாட்களோடு முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று நாளில் நிறுத்தினாரே என்று நாமும் நிறுத்துவது எவ்வளவு தவறு என்பது இப்போது புரியும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிட வேண்டும். ஈடுகட்ட இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

சிப்ரோவைப் பாலோடு விழுங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். வயிறு புண்ணாகாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு குடலோடு போய்விடும். இரும்புச் சத்து மாத்திரையும் அமிலம் தணிக்கும் மருந்தும் இதே காரியத்தைச் செய்யும். தண்ணீரோடு போடுங்கள். வேறு மாத்திரை எதுவும் சாப்பிட்டுவந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சாதாரண ஜலதோஷத்துக்கு இவை எதுவும் உதவாது. அதைத் தருவது வைரஸ். இந்த மருந்துகள் தாக்குகிற உறுப்புகள் அதனிடம் கிடையாது.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டைவலிக்காரர் ஒருவர் தானே பெனிசிலின் வாங்கிக் குறைவாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்ற, அவருக்கு அதே மருந்து பலிக்காமல் உயிர் போகிறது.

அந்தக் கதையின் பெரிய வடிவம் குகட்பள்ளிக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1961-ல் உருவான அரசு மருந்து நிறுவனம் ஐ.டி.பி.எல். பாலாநகரில் ஆலை அமைத்தது. அங்கே வேலை பார்த்த அஞ்சி ரெட்டி போன்றவர்கள் பிறகு சொந்தமாக நிறுவனம் தொடங்க, ஹைதராபாத் மருந்து நகரமாக வளர்ந்தது. மும்பை நெடுஞ்சாலையில் மியாப்பூர் தாண்டிப் போனால் வரும் பட்டன்சேருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய நிலையம் ஒன்று இருந்தது. அதிலிருந்து வெளிவந்த நீரை ஸ்வீடனைச் சேர்ந்த யோவாகிம் லார்சனின் குழு சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டது. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். 500 மில்லிகிராம் மாத்திரை போட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைப் போல இது பத்து மடங்குக்கும் மேல். அந்த நீர் ஓடைக்குப் போனது. ஓடை மண்ணில் மருந்தைத் தாங்கும் மரபணுக்கள் மலிந்திருந்ததைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. பாக்டீரியாக்கள் இந்த மரபணுக்களை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும்.

டாக்டர் நடுவில் மருந்தை மாற்றிவிட்டால் அட்டையில் சில மாத்திரைகள் மிஞ்சும். அடுத்த காய்ச்சலுக்கு ஆகுமென்று அவற்றை எடுத்துவைக்க வேண்டாம். கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். என்ன செய்வதென்று மருந்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்.