பாற்கிண்ணமும் பசியும்: நற்றிணை 110இல் பேதைமை நீங்கும் நிலை

குழந்தைப் பருவத்தின் அறியாமையிலிருந்து முதிர்ந்தோரின் பட்டறிவுக்கு ஒருவர் கடந்து செல்வது உலக இலக்கியங்கள் பலவற்றுக்கும் பொதுவான பாடுபொருளாகும். கோத்தேயின் வில்ஹெல்ம் மைஸ்டர் புதினம் 1795-96இல் வெளிவந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஐரோப்பாவில் வளர்ந்த புதின வகை இக்கடப்பையே தன் கதையாக்கிக்கொண்டது. இளைஞன் பிழை செய்து, அலைந்து, கற்று முதிர்வதை வாசகர் உடனிருந்து காண்கிறார். போதனார் பாடிய நற்றிணை 110ஆம் பாடலில் அந்த நடுப்பகுதியே இல்லை. இவ்விடைவெளியை எவ்வாறு வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாடலில் இரு காட்சிகள் உள்ளன. முதற்காட்சி செல்வ வீட்டின் முற்றத்துப் பந்தல். தேன் கலந்த பால் பொற்கலத்தில் இருக்கிறது. செவிலியின் கையில் மென்மையாகச் சுற்றப்பட்ட சிறுகோல், அடிப்பதற்கன்று, மிரட்டுவதற்கு. சிறுமியோ முத்துப்பரல் இட்ட பொற்சிலம்பு ஒலிக்கப் பாய்ந்தோடுகிறாள். நரைத்த கூந்தலையுடைய முதிய செவிலியர் பின்தொடர்ந்து இளைத்து நின்றுவிடுகின்றனர். இரண்டாம் காட்சியில் அவள் மணமானவள். கொண்டவன் குடி வறுமையுற்றது. தந்தை வீட்டின் கொழுஞ்சோற்றை அவள் நினைப்பதில்லை. ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கிறாள். இவ்வறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கிருந்து பெற்றாள் என்று தாய் வியக்கிறாள். அவ்வினாவுக்குப் பாடல் விடை தரவில்லை.

வகுப்பறையில் நாம் அந்த விடையை உடனே நிரப்பிவிடுகிறோம். ‘நல்ல வளர்ப்பு’ என்கிறோம்; ‘கற்பின் சிறப்பு’ என்று எழுதச் சொல்கிறோம். நானும் பல ஆண்டுகள் இவ்வாறே கற்பித்தவன். ஒருமுறை முதலாமாண்டு மாணவி ஒருவர், “வளர்த்தவர்கள் ஊட்டிய பாலையே அவள் குடிக்கவில்லையே, பிறகு எப்படி அது வளர்ப்பின் பெருமை ஆகும்?” என்று கேட்டார். பாடலை மீண்டும் படித்தபோது அவர் கூறியதே சரியெனப் பட்டது. முதற்காட்சி முழுவதும் செவிலியரின் தோல்வியையே காட்டுகிறது. கோலும் பயன்படவில்லை, பொற்கலமும் பயன்படவில்லை.

தொல்காப்பியம் அச்சம், நாணம், மடம் ஆகியவற்றைப் பெண்ணுக்குரிய இயல்புகளாகக் கூறும். இவற்றுள் மடம் என்பதற்குப் பிறர் அறிவுறுத்தக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என்று உரைமரபு பொருள் தருகிறது. அறியாமை என்று நாம் எளிதாகப் பொருள் கொள்ளும் சொல்லுக்குள் கற்பிக்கப்பட்ட அறிவு ஒன்று ஒளிந்திருப்பது கவனிக்கத்தக்கது. போதனாரின் தலைவி இதற்கு நேர்மாறானவள். கற்பித்தபோது கொள்ளாதவள், கற்பிப்பார் இல்லாதபோது அறிந்துகொண்டாள். அவள் கற்ற இடமும் வேளையும் வளர்த்தோர் கண்ணுக்கு எட்டாதவை.

பிற்கால உலா இலக்கியம் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டெல்லையும் குறித்தது. பேதைக்கு ஐந்து முதல் ஏழு வரை என்பது பெருவழக்கு. அவ்வகைப்பாட்டில் மாற்றம் படியேறுவது போன்றது. அடுத்த படி எது என்று முன்னரே தெரியும். தாய்க்கு அத்தகைய உறுதி ஏதும் இல்லை.

நற்றிணை 172 இப்பொருளை வேறொரு வழியில் அணுகுகிறது. தோழியருடன் விளையாடுகையில் வெண்மணலில் அழுத்தி மறந்த புன்னைக்காய் முளைத்து மரமாகிறது. நெய்யும் பாலும் பெய்து அதனை வளர்க்கின்றனர். அது உங்களினும் சிறந்தது, உங்கள் தங்கை என்று அன்னை சொல்லியிருக்கிறாள். ஆகவே அதன் நிழலில் உன்னோடு நகைத்து விளையாட நாணுகிறோம் என்று தோழி தலைவனிடம் கூறுகிறாள். வரைவு கடாதல் என்னும் துறை அவள் நோக்கத்தைக் காட்டிவிடுகிறது: பகற்குறியை மறுத்து அவனைத் திருமணத்தை நோக்கிச் செலுத்துகிறாள். குழந்தைமையின் நம்பிக்கை இங்கே முதிர்ந்த பெண்ணின் கையில் ஒரு கருவியாகிறது. அதனால் அந்நம்பிக்கை பொய்யாகிவிட்டது என்று கொள்வதற்கில்லை. தங்கையின்முன் கூசுவது உண்மை, காரியம் முடிப்பதும் உண்மை. பேதைமை முற்றிலும் நீங்கிய பின்னரே அறிவு வரும் என்னும் கருத்தை இப்பாடல் ஏற்கவில்லை.

கூடலூர்கிழாரின் குறுந்தொகை 167ஐயும் இவ்வரிசையில் வைத்துக் காணலாம். தயிர் பிசைந்த விரல், துவைக்காமல் உடுத்த ஆடை, தாளிப்புப் புகை படிந்த கண், இனிது என்று கணவன் உண்ணும்போது முகத்தில் நுண்ணிதாகத் தோன்றும் மகிழ்ச்சி ஆகியவற்றை நேரில் கண்டுவந்த செவிலி நற்றாய்க்கு உரைக்கிறாள். அங்கே செய்தி மகிழ்ச்சிக்குரியது. நற்றிணை 110க்கோ பழைய துறைக்குறிப்பு ‘மனைமருட்சி’ என்று முதலில் கூறி, ‘மகள்நிலை உரைத்தல்’ என்பதை அடுத்த வாய்ப்பாகத் தருகிறது. திணை பாலை. பாராட்டு மட்டுமே நோக்கமாயின் மருட்சி என்னும் சொல்லுக்கு வேலையில்லை. மகள் பசித்திருக்கிறாள், அப்பசியை அவளே ஏற்றுக்கொண்டாள். பெருமைப்படுவதா, கலங்குவதா என்று தாய்க்குத் தெரியவில்லை. தேர்வு வினாத்தாளில் இவ்விரண்டுள் ஒன்றை மட்டும் விடையாக எதிர்பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். மதிப்பெண் வழங்குவது இப்போது கடினமாகத்தான் இருக்கிறது.