கிளறாதே... கிண்டாதே... காத்திரு!

காபி டம்ளரில் ஆடை மிதந்தால் 'உவ்வே' என்று விரலால் வழித்துப் போடுகிற கட்சியா நீங்கள்? கையைக் கொடுங்க! இருபது வருஷமாக நானும் அதே கட்சிதான். போன செமஸ்டர் லீவில் கட்சி மாறிவிட்டேன். மாற வைத்தவர்கள் மூணு பேர். இங்கிலாந்துக்காரர்கள், எங்க வீட்டு எருமை, அப்புறம் எங்க அம்மா!

மேட்டருக்கு வருவோம். க்ளாட்டட் க்ரீம் கேள்விப்பட்டிருக்கீங்களா? இங்கிலீஷ் சமையல் வீடியோக்களில் 'ஸ்கோன்' என்று ஒரு குண்டு பன்னை ரெண்டாகப் பிளந்து, ஜாம் தடவி, மேலே கெட்டியாக ஒரு வெள்ளைக் குவியலை வைப்பார்களே... அதேதான். பார்த்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் வெண்ணெய் இல்லை. பாலாடை மாதிரி இருக்கும், ஆனால் அதுவும் இல்லை. மேலே லேசான பொன்னிறத்தில் ஒரு தோல். அதுக்குக் கீழே ஸ்பூன் நட்டமாக நிற்கிற அளவுக்கு க்ரீம்.

எங்க ஹாஸ்டல் ரூமில் இதைப் பார்த்துவிட்டு ரூம்மேட் கொளுத்திப் போட்டான். 'பன்னெண்டு மணி நேரம் சும்மா சூட்டுல வெச்சா இது ரெடியாமே. நீதான் மெக்கானிக்கலாச்சே, ஹீட் டிரான்ஸ்ஃபர் எல்லாம் படிச்சியே, செஞ்சு காட்டேன் பார்ப்போம்!' தோற்றவர் பரோட்டா வாங்கித் தரணும். பந்தயம் ஓகே!

ஊரைத் தெரிஞ்சுக்கோங்க

க்ளாட்டட் க்ரீமுக்குச் சொந்த ஊர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. டெவன், கார்ன்வால் என்று ரெண்டு கவுன்ட்டிகள். நடுவில் எல்லை மாதிரி ஓடுவது தாமர் நதி. மழைக்குக் குறைச்சல் இல்லை, புல்லுக்கும் குறைச்சல் இல்லை. அதனால் மாடும் பாலும் எக்கச்சக்கம். சிக்கல் என்னன்னா, லண்டன் ரொம்ப தூரம். தாமர் நதியைத் தாண்டி ரயில் போக ப்ரூனெல் கட்டிய ராயல் ஆல்பர்ட் பாலம் திறந்ததே 1859-ல்தான் (நம்ம சிவில் மக்களுக்கு அவரைத் தெரிஞ்சிருக்கும்). ஃப்ரிட்ஜும் கிடையாது. அவ்வளவு பாலையும் என்னதான் பண்ணுவது?

பண்ணைப் பெண்கள் கண்டுபிடித்த வழி இதுதான். கறந்த பாலை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, குளிர்ச்சியான அறையில் ராத்திரி முழுக்க ஆடாமல் வைப்பது. கொழுப்பு மேலே மிதந்து வந்துவிடும். மறுநாள் அதை அலுங்காமல் தூக்கி, கனிந்த நெருப்பின் மேல் கொதிக்க விடாமல் மெதுவாகச் சூடாக்கி, திரும்ப ஆற விடுவது. மேலே உறைந்து நிற்கிற கெட்டி அடுக்கை வழித்தால் க்ளாட்டட் க்ரீம்! பச்சை க்ரீமைவிடக் கூடுதலாக சில நாள் கெடாமல் இருக்கும். அடியில் மிஞ்சுகிற பாலையும் விடமாட்டார்கள், பன்றிக்கும் கன்றுக்கும் போய்விடும்.

இது நேற்று முளைத்த ஐட்டம் இல்லை பாஸ். 1579-ல் வெளிவந்த எட்மண்ட் ஸ்பென்ஸரின் கவிதை நூலிலேயே இந்த க்ரீம் பெயர் வருகிறது. 1890-ல் கார்ன்வாலில் எலைசா ஜேன் ரோடா என்கிற பெண் தன் பண்ணை வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்த தொழில், இன்றைக்கு அங்கே பெரிய கம்பெனி. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது இல்லையா? அதே மாதிரி 'கார்னிஷ் க்ளாட்டட் க்ரீம்' என்கிற பெயருக்கு ஐரோப்பாவில் 1998-லேயே பாதுகாப்பு கிடைத்துவிட்டது. கார்ன்வால் பாலில்தான் செய்யணும், குறைந்தது 55 சதவிகிதம் கொழுப்பு இருக்கணும் என்பது கண்டிஷன்.

அந்த 55-ஐ நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. நான் அவுட்டானதே அங்கேதான்!

சொதப்பல் நம்பர் 1

கோயம்புத்தூர் ஃப்ரெண்ட் வீட்டில் ஓ.டி.ஜி. அவன் இருக்கு. கடையில் டெட்ரா பேக் ஃப்ரெஷ் க்ரீம் நாலு வாங்கி, கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, 80 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டு செம கெத்தாகப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால்... மேலே டிஷ்யூ பேப்பர் மாதிரி ஒரு தோல். கீழே அத்தனையும் தண்ணி. ஃப்ரெண்டோட அம்மா எட்டிப் பார்த்து, "பால் திரிஞ்சு போச்சாப்பா?" என்று கேட்டார்கள். மானம் போச்சு!

ஏன் சொதப்பியது? பாக்கெட்டைத் திருப்பினால் விடை அதிலேயே இருக்கிறது. கொழுப்பு 25 சதவிகிதம். அதுவும் ஹோமோஜினைஸ் செய்தது. அதாவது பாலில் இருக்கிற கொழுப்பு உருண்டைகளை ரொம்பச் சின்ன துளை வழியாக அழுத்தி நொறுக்கிவிடுகிறார்கள், மேலே மிதந்து வந்து ஆடை கட்டக்கூடாது என்பதற்காகவே! ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ஸ்டோக்ஸ் விதி படித்திருப்பீர்களே? திரவத்தில் ஒரு துளி மேலே ஏறுகிற வேகம், அதன் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உருண்டை பத்தில் ஒரு பங்காகச் சின்னதானால், ஏறும் வேகம் நூறில் ஒரு பங்கு. நான் பன்னிரண்டு மணி நேரம் இல்லை, பன்னிரண்டு நாள் வைத்திருந்தாலும் பாச்சா பலித்திருக்காது. இன்டர்னலில் இந்த விதியை எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கியவன் நான் என்பதை இந்த இடத்தில் வெட்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அப்போ என்ன வேணும்? நொறுக்காத பால். நிறைய கொழுப்பு. யோசித்தபோது பளிச்சென்று ஞாபகம் வந்தது... எங்க வீட்டிலேயே ரெண்டு எருமை நிற்கிறதே! துருக்கியில் 'கைமாக்' என்று க்ளாட்டட் க்ரீமுக்குப் பங்காளி ஒன்று உண்டு. அதற்குப் பேர்போனதே எருமைப் பால்தான். பசும்பாலில் கொழுப்பு நாலு சதவிகிதம் சொச்சம் என்றால், எருமைப் பாலில் ஏழு வரைக்கும் சர்வசாதாரணம். பஸ் ஏறிவிட்டேன்.

சொதப்பல் நம்பர் 2

எங்க ஊர் ஈரோட்டுப் பக்கம். அம்மா தினமும் ரெண்டு வேளை கறந்து பால் சொசைட்டிக்கு ஊற்றுவார்கள். அங்கே பாலுக்கு விலை லிட்டரை மட்டும் பார்த்து இல்லை, ஃபேட் எவ்வளவு என்று டெஸ்ட் பண்ணித்தான். ஃபேட் ஏறினால் ரூபாய் ஏறும். அதனால் வித்த பால் போக வீட்டுக்கு நிற்பது காபிக்கு ஒரு சொம்பு. அவ்வளவுதான்.

'மூணு லிட்டர் வேணும்மா' என்றதும் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். சொசைட்டிக் கணக்கில் அது சுமார் 140 ரூபாய். ஒண்ணும் சொல்லாமல் எடுத்து வைத்தார்கள்.

ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் மேலே அழகாக க்ரீம் கட்டியிருந்தது. அப்படியே கேஸ் அடுப்பில் ஏற்றினேன். சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? நம்ம கைக்கு அது தெரியாதே! 'அடிப் பிடிச்சுடுமோ' என்று ஒரு கிளறு. 'சூடு பத்தலையோ' என்று தீயைக் கொஞ்சம் ஏற்று. நடுவில் ரூம்மேட்டுக்கு வீடியோ கால். திரும்பிப் பார்ப்பதற்குள் பொங்கல்!

கிளறினால் மேலே வந்த கொழுப்பு திரும்பப் பாலில் கலந்துவிடும். கொதித்தால் அடியிலிருந்து குமிழி குமிழியாக எழும்பி மேல் அடுக்கைக் கிழித்துவிடும். ரெண்டையும் ஒரே நேரத்தில் சாதித்தேன். கடைசியில் சர்க்கரை போட்டுக் காய்ச்சி எல்லாரும் குடித்தோம். பால் வீணாகவில்லைதான்.

ஆனால், அன்றைக்கு சாயங்காலம் அம்மா பால் நோட்டு எழுதுவதைப் பார்த்தேன். மூணு லிட்டர் குறைச்சல். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் செமஸ்டர் ஃபீஸ் கணக்கு இருந்தது. எந்தப் பட்டுவாடாவில் எவ்வளவு எடுத்து வைத்தது, இன்னும் எவ்வளவு பாக்கி, எல்லாம் பென்சிலில். பரோட்டா பந்தயம் எல்லாம் மறந்துபோச்சு. 'போதும்மா, விட்டுடலாம்' என்றேன்.

அம்மா எடுத்த கேஸ்

மறுநாள் சாயங்காலம் கறந்ததும், நான் கேட்காமலே மூணு லிட்டரை அகலமான எவர்சில்வர் பேசினில் ஊற்றித் தனியாக வைத்தார்கள் அம்மா. "இன்னிக்கு நாந்தே வெக்கறேன். நீ கரண்டிய வெச்சுப்போட்டு அக்கட்ட போய் உக்காரு சாமி!"

காலையில் விறகு அடுப்பில் சோறு வடித்து முடித்து, கொள்ளிக் கட்டைகளை வெளியே இழுத்துவிட்டு, மிஞ்சிய தணலின் மேல் பேசினை அலுங்காமல் வைத்தார்கள். மாட்டுக்குத் தட்டு அறுக்கக் கிளம்பியும் போய்விட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு காவல் காத்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு. ஒண்ணே கால் ஆச்சு. க்ரீமின் மேல் லேசாகச் சுருக்கம் விழுந்தது. அப்புறம் பேசினின் அடிப்பாகம் எவ்வளவு அகலமோ, அதே அளவில் மேலே ஒரு வட்டம் தெரிந்தது. பழைய இங்கிலீஷ் சமையல் குறிப்புகளில் சொல்லியிருக்கும் அடையாளம் அதுதான். அந்த வட்டம் தெரிந்தால் இறக்கிவிடணும். அந்தக் காலத்துப் பண்ணைகளில் தெர்மாமீட்டர் ஏது?

யோசித்துப் பாருங்க. டெவன் பக்கம் எந்தப் பாட்டியையும் அம்மா பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பாட்டிகள் வைத்திருந்த அதே தணல், அதே அகலப் பாத்திரம், 'கையை வைக்காதே' என்கிற அதே சட்டம். தினமும் பாலோடு இருப்பவர்களுக்கு அது புத்தகம் இல்லாமலே தெரிகிறது.

ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை கரண்டியால் மெதுவாக மேல் அடுக்கை வழித்தோம். சுருட்டிக்கொண்டு வந்தது. மேலே மஞ்சள் தோல், உள்ளே வழவழ. 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அடியில் நின்ற பாலுக்கு அம்மா உறை ஊற்றிவிட்டார்கள், மறுநாளைக்கு மோர் ஆச்சு.

ஜாமா... க்ரீமா?

க்ரீம் ரெடி. எப்படிச் சாப்பிடுவது? அங்கேதான் தாமர் நதிக்கு ரெண்டு பக்கமும் குடுமிப்பிடி சண்டை! டெவன்காரர்கள் முதலில் க்ரீம், அதன் மேல் ஜாம். கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம், அதன் மேல் க்ரீம். 2018-ல் கார்ன்வாலில் உள்ள லான்ஹைட்ராக் என்கிற பழைய மாளிகையின் விளம்பரத்தில் தப்பித்தவறி டெவன் ஸ்டைலில் க்ரீமை அடியில் வைத்துப் போட்டோ போட்டுவிட்டார்கள். ஊரே கொந்தளித்து, கடைசியில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிவிட்டது. நம்ம ஊர் சாம்பார் இட்லி சண்டையெல்லாம் ஜுஜுபி!

கார்ன்வாலில் இன்னொரு ஸ்டைலும் உண்டு. பேர் 'இடியும் மின்னலும்'. ரொட்டியில் க்ரீம் வைத்து, மேலே வெல்லப்பாகு மாதிரியான சிரப்பை ஊற்றுவது. ஸ்கோனுக்கு நான் எங்கே போக? பஸ் ஸ்டாண்டு பேக்கரி பன், மேலே க்ரீம், அதன் மேல் எங்க ஊர் நாட்டுச்சர்க்கரை. ஈரோடு ஸ்டைல் இடியும் மின்னலும் ரெடி!

முதல் துண்டை அம்மாவுக்குக் கொடுத்தேன். மென்றார்கள். ஒண்ணும் பேசவில்லை. பேசினில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து இன்னொரு வாய். அப்புறம் சொன்னார்கள்...

"இத்தன நாளா இதையத்தான் ஊத்திட்டு வந்தனா?"

இருபது வருஷமாகக் கறக்கிறார்கள். ஃபேட் எத்தனை பாயின்ட் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். அந்த ஃபேட் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் ருசி பார்த்தார்கள். எனக்குத் தொண்டையை என்னமோ பண்ணியது. நான் வழித்துப் போட்ட ஒவ்வொரு ஆடையும் அந்தப் பென்சில் கணக்கில் ஒரு புள்ளிதானே?

பந்தயத்தில் ஜெயித்து, பரோட்டாவும் வாங்கியாச்சு. அதில் பாதியை நானே ரூம்மேட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் கொளுத்திப் போடாவிட்டால் இதெல்லாம் ஏது?

நீங்களும் செய்யலாம்!

* பண்ணையிலிருந்து நேராக வரும் எருமைப் பால் 3 லிட்டர். பாக்கெட் பாலும் டெட்ரா பேக் க்ரீமும் வேண்டவே வேண்டாம்.

* அகலமான பாத்திரத்தில் ஊற்றி, மூடி, 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு வெளியே வைத்தால் கெட்டுவிடும்.

* ஆட்டாமல் எடுத்து அடுப்பில் வையுங்கள். கேஸ் என்றால், பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் இதை வைத்து, சிம்மில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். சூடு 80 டிகிரி தொடணும், கொதிக்கவே கூடாது. பச்சைப் பால் என்பதால் பாதுகாப்புக்கும் இந்தச் சூடு முக்கியம்.

* மேலே சுருக்கமும் வட்டமும் தெரிந்தால் இறக்குங்கள். ஆறியதும், ரெண்டு மணி நேரத்துக்குள் திரும்ப ஃப்ரிட்ஜுக்குப் போயாகணும். ராத்திரி முழுக்க அங்கேயே இருக்கட்டும்.

* காலையில் கரண்டியால் வழித்து மூடி வைத்தால் நாலு நாள் தாங்கும். தாங்காது, அதுக்குள்ளே காலியாகிவிடும்!

* முக்கியமான விஷயம்: முதல் வாய், பால் காய்ச்சிக் கொடுத்தவங்களுக்கு!