கதிரையும் பாயும்: இளையோருக்குச் சமூகவியல் பற்றிய ஓர் அறிமுகம்

பதினாறு வயது மாணவர் ஒருவரிடம், ‘ஆசிரியர் வந்ததும் நீர் ஏன் எழுந்து நிற்கிறீர்?’ என்று வினவினால், ‘அது மரியாதை’ என்பார். ‘உமது தங்கை முற்றத்தில் கால்மேல் கால் போட்டிருந்தால் வீட்டில் ஏன் கண்டிக்கிறார்கள்?’ என்று கேட்டால், ‘பெண்பிள்ளைகளுக்கு அது அழகல்ல’ என்பார். இவ்விடைகள் பொய்யல்ல. ஆயினும் விசாரணை எங்கே தொடங்கவேண்டுமோ அங்கே அவை நின்றுவிடுகின்றன. மரியாதை எது, அழகு எது என்பதை யார் வகுத்தனர்? எப்பொழுது வகுத்தனர்? அவ்வகுப்பினால் எவர் பயன் பெற்றனர்? இவ்வினாக்களை முறைப்படி எழுப்பும் அறிவுத்துறையே சமூகவியல் ஆகும்.

பிரெஞ்சு அறிஞரான ஒகஸ்ட் கொம்ட் என்பார் 1830களில் இத்துறைக்குப் பெயர் சூட்டினார். ஆனால் ஒரு துறையை அறிமுகஞ்செய்வதற்கு அதன் தந்தையர் பெயர்களை அடுக்குவது சிறந்த வழியன்று. அன்றாடம் நாம் செய்யும் எளிய செயலொன்றை எடுத்து அதன் உள்ளே சமூகம் எவ்வாறு குடிகொண்டிருக்கிறது என்று காட்டுவதே பொருத்தமாகும். இக்கட்டுரை அமர்தல் என்னும் ஒரு செயலை மாத்திரம் எடுத்துக்கொள்கிறது.

1. உடலும் பாடங் கற்கிறது

நடப்பதும் இருப்பதும் உடற்கூற்றின்பாற்பட்டவை, அவற்றுக்கும் சமூகத்துக்கும் தொடர்பில்லை என்று கருதத் தோன்றும். இக்கருத்தை மறுத்தவர்களுள் மார்செல் மோஸ் குறிப்பிடத்தக்கவர். 1934இல் ஆற்றிய விரிவுரையொன்றில் அவர் தம் சொந்த அனுபவங்களை எடுத்துரைத்தார். நியூயோர்க் நகர மருத்துவமனையொன்றில் நோயுற்றுக் கிடந்தபோது, அங்குள்ள தாதியரின் நடையை முன்னர் எங்கோ கண்டதுபோல் அவருக்குத் தோன்றியது. திரைப்படங்களிலேயே அதனைக் கண்டிருந்தார் என்பது பின்னர் அவருக்குப் புலப்பட்டது. பிரான்சுக்குத் திரும்பியபோது பாரிஸ் நகர இளம்பெண்களும் அவ்வாறே நடக்கத் தொடங்கியிருந்ததை அவதானித்தார். திரையிலே தோன்றிய நடை கடல் கடந்து வேறொரு நாட்டினரின் கால்களிற் குடியேறிவிட்டது.

முதலாம் உலகப் போரில் நிகழ்ந்ததொன்றையும் அவர் குறிப்பிட்டார். ஆங்கிலப் படையினருக்குப் பிரெஞ்சு மண்வெட்டிகளால் அகழி தோண்ட வரவில்லை. ஒரு படைப்பிரிவு மற்றதன் இடத்துக்கு மாறியபோதெல்லாம் 8,000 மண்வெட்டிகளையும் மாற்றவேண்டியிருந்தது. இரு சாராருக்கும் இரண்டு கைகளே. ஆனால் அக்கைகள் பயின்ற பழக்கம் வேறு. உடல் இயற்கை தந்தது. அதனை இயக்கும் முறையோ சமூகம் பயிற்றுவித்தது.

2. கண்ணுக்குத் தெரியாத கட்டு

மோஸின் தாய்மாமனும் ஆசானுமாகிய எமில் டேர்க்ஹைம் 1895இல் வெளியிட்ட நூலில், சமூகவியலின் ஆய்வுப் பொருளை வரையறுக்க முயன்றார். தனிமனிதனுக்குப் புறத்தே இருந்து, அவனை வற்புறுத்தி இயக்கும் செயல்முறைகளும் எண்ண முறைகளும் உள. அவையே சமூக மெய்ம்மைகள் என்பது அவர் கொள்கையின் சாரம்.

இவ்வற்புறுத்தலை நாம் சாதாரணமாக உணர்வதில்லை. மீற முற்படும்போதே உணர்கிறோம். வகுப்பில் எவருமில்லாத வேளையில் ஆசிரியரின் கதிரையில் ஒருமுறை இருந்து பாருங்கள். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, எவரும் பார்க்கவுமில்லை. ஆயினும் இருக்குமுன் உடல் ஒருகணம் தயங்குகிறது, கண் வாசலை நோக்குகிறது. அந்தத் தயக்கம் உங்களோடு பிறந்ததன்று. அது உங்களுள்ளே வாழும் சமூகத்தின் குரல்.

டேர்க்ஹைம் கட்டு உண்டு என்பதைத் தெளிவாகக் காட்டினார். ஆனால் அந்தக் கட்டு எல்லோரையும் ஒரேவிதமாகக் கட்டுவதில்லை. ஒருவரைக் கதிரையில் இருத்தும் அதே நியதி வேறொருவரைத் தரையில் இருத்துகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவதற்கு வரலாற்றுக்குச் செல்லுதல் வேண்டும்.

3. ஆசனத்தின் வரலாறு

ஈழத்துத் தமிழில் அன்றாடம் வழங்கும் கதிரை, வாங்கு, மேசை ஆகிய மூன்று சொற்களும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. பாய், தடுக்கு, பலகை, திண்ணை என்பன நம்மவை. கதிரை என்னும் சொல் அந்நிய ஆட்சியோடு வந்து, அதிகாரத்தின் சாயலையும் பெற்றுக்கொண்டது. ‘கதிரைக்கு ஆசைப்படுகிறார்’ என்று இன்றும் அரசியல்வாதிகளைக் குறித்துச் சொல்கிறோம் அல்லவா?

எனினும் ஆசனத்தில் ஏற்றத்தாழ்வை அந்நியர் புகுத்தினர் என்று முடிவுகட்டுதல் தவறாகும். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் அங்கு கண்ட சமூக வேறுபாடுகளை விவரித்துள்ளார். ஒருவரின் தகுதி அவர் அணியும் மேற்சட்டையாலும், முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடையின் நீளத்தாலும், அவர் முக்காலியில் இருக்கிறாரா, கட்டையிலோ பாயிலோ இருக்கிறாரா என்பதாலும் அறியப்பட்டது. ஆசனத்தின் உயரம் சாதியின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாயிருந்தது. அது சிங்கள, தமிழ்ச் சமூகங்கள் இரண்டுக்கும் பொதுவான நிலமானிய உலகின் இலக்கணம் எனலாம்.

இந்த இலக்கணத்தின் வேர் ஆசனத்தில் இல்லை; நிலத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலமும் கிணறும் பெரும்பாலும் முன்னைய உடைமையாளரிடமே இருந்தன. கூலிக்கும் குடியிருப்புக்கும் தண்ணீருக்கும் ஒருவரை எதிர்பார்த்து வாழ்பவர், அவர் முன்னிலையில் எவ்வாறு நிற்பார்? தோளிலிருந்த துண்டு கைக்கு வரும், குரல் தாழும், முற்றத்தோடு கால்கள் நின்றுவிடும்.

மனிதரின் சமூக வாழ்நிலையே அவர்தம் பிரக்ஞையை நிர்ணயிக்கிறது என்று கார்ல் மார்க்ஸ் 1859இல் எடுத்துரைத்த கருத்து இங்குத் தெளிவாகிறது. பணிவு ஓர் இனத்தாரின் பிறவிக் குணமன்று. உற்பத்தி உறவுகள் உடலிலே எழுதிய எழுத்து அது.

4. வாங்குக்கான போராட்டம்

இவ்வெழுத்து அழியக்கூடியதா? அதற்கும் நமது வரலாறே விடை தருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் இருத்தப்பட்டனர். ஏனையோர் வாங்கில் இருந்தனர். ஒரே ஆசிரியர், ஒரே பாடம். இருக்குமிடம் மாத்திரம் வேறு. எழுத்தறியுமுன்பே பிள்ளை தன் இடத்தை அறிந்துகொண்டது. பாடத்திட்டத்தில் இடம்பெறாத அந்தப் பாடமே மிக ஆழமாகப் பதிந்தது.

1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம் இவ்வழக்கத்தை எதிர்த்தது. 1930ஆம் ஆண்டளவில், உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்படவேண்டுமென்று அரசு பணித்தபோது கடும் எதிர்ப்பு மூண்டது. பாடசாலைக் கட்டடங்கள் சில தீக்கிரையாயின.

ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதற்காக ஒரு பாடசாலையையே எரிப்பானேன்? எரித்தவர்கள் மரப்பலகைக்கு அஞ்சவில்லை. இன்று சமமாக இருந்து படிக்கும் பிள்ளை நாளை தங்கள் வயலில் முதுகு வளைத்து நிற்குமா என்றே அஞ்சினர். ஆசனம் நில உறவின் அடையாளம் என்பதை ஆய்வாளரைவிட அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957இல் நிறைவேறியது. ஆனால் தேநீர்க்கடைகளிலும் ஆலயங்களிலும் பழைய நியதியே நீடித்தது. சட்டப் புத்தகத்திலிருந்த உரிமையை நடைமுறையில் வென்றெடுக்க வெகுசனப் போராட்டம் தேவைப்பட்டது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலுக்குள்ளாகியும் முன்சென்றது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. தேநீர்க்கடை வாங்கில் இருந்து, எல்லோருக்கும் வழங்கும் பாத்திரத்தில் தேநீர் அருந்துவது அன்று உயிரைப் பணயம் வைக்கும் செயலாயிருந்தது. இப்போராட்டங்களில் நேரடியாகப் பங்கேற்ற கே. டானியல் 1972இல் ‘பஞ்சமர்’ நாவலை வெளியிட்டார். ஈழத்து இலக்கியத்தைச் சமூகவியல் நோக்கிற் பயில விழைவோர்க்கு அது தவிர்க்கவியலாத நூல்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலில் ஒடுக்கப்பட்டோரின் பிரவேசத்தைத் தடுத்து நின்றவர்களுள் சி. சுந்தரலிங்கம் முதன்மையானவர். அவர் ஒக்ஸ்போட்டில் பயின்றவர். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்தவர். கல்வி பெருகினால் சாதி தானே கரையும் என்று நம்புவோர் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். அவரைத் தனிமனிதக் கொடியவர் என்று ஒதுக்கிவிட்டால் நாம் எதையும் விளங்கிக்கொள்ளோம். நுண்ணறிவு மிக்க ஒருவரையும் தன் வரம்புக்குள் நிறுத்தும் வலிமை ஒரு சமூக அமைப்புக்கு உண்டு என்பதே இங்குப் பெறத்தக்க பாடம்.

5. இளையோர் இதனால் பெறுவது என்ன?

‘எல்லாவற்றையும் சமூகமே தீர்மானிக்கிறதென்றால் எனக்குப் பொறுப்பில்லையே’ என்று சிலர் கேட்கலாம். இது பிழையான முடிவு. மனிதர் தம் வரலாற்றைத் தாமே ஆக்குகின்றனர். ஆனால் தாம் தெரிந்தெடுத்த சூழ்நிலையில் அன்று என்னும் கருத்தை மார்க்ஸ் 1852இலேயே முன்வைத்தார். தேநீர்க்கடை வாங்கில் முதன்முதலாக இருந்த இளைஞனும் அந்தச் சமூகம் வளர்த்த பிள்ளையே. அவனுடைய உடலிலும் அந்தத் தயக்கம் பதிந்திருக்கவே வேண்டும். அத்தயக்கம் தன்னுடையதன்று, தன்மீது சுமத்தப்பட்டது என்று கண்டுகொண்டதும், தன்னைப்போன்ற பிறரோடு அணிசேர்ந்ததும் அவனை மாற்றின.

ஆகவே நம் வீட்டிலும் ஊரிலும் ‘இது இயல்பு’ என்று சொல்லப்படும் எதனையும் மூன்று வினாக்களுக்கு உட்படுத்திப் பழகுக. இது எக்காலத்தில், எச்சூழலில் தோன்றியது? இதனால் நன்மையடைவோர் யாவர்? இது மாறுமெனின் எதிர்ப்போர் யாவர்? விடைகளை வீட்டு முதியோரிடமிருந்து கேட்டுக் குறித்துவைத்தலே நல்ல ஆய்வின் தொடக்கமாகும்.

இன்று நம் வகுப்பறையில் எல்லோரும் ஒரே வாங்கில் இருக்கின்றனர். அது எவருக்கும் வியப்பாகத் தோன்றுவதில்லை. ஒருகாலத்தில் பாடசாலைகளை எரிக்கச் செய்த ஒன்று இன்று இயல்பாகிவிட்டது. ஆனால் திருமண விளம்பரங்களில் சாதி இன்னமும் அச்சேறுகிறது. எல்லோருக்கும் பரிமாறிய தாய் அடுக்களையில் கடைசியாக இருந்து உண்பதும் தொடர்கிறது. மலையகத் தொழிலாளர் பலர் இன்னும் லயன் அறைகளிலேயே வாழ்கின்றனர். இவையும் நமக்கு வியப்பைத் தருவதில்லை. நாம் எதைக் கண்டு வியப்பதில்லையோ அதிலிருந்தே நமது விசாரணை தொடங்குதல் வேண்டும்.