யுத்த காலம் கரிசலுக்குக் கற்பித்த பாடம்

1942-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாகவே, சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. ஜப்பான் நம் நாட்டுக் குட்டை இழைப் பருத்தியை வாங்குவதும் முன்னரே ஒழிந்திருந்தது. ஆகவே பருத்தி நிலத்தில் ஒரு பகுதியைத் தானியத்துக்குத் திருப்புமாறு சர்க்கார் குடியானவர்களைத் தூண்டினர். அமெரிக்காவிலும் ஜனங்கள் வீட்டுத் தோட்டங்களில் காய்கறி பயிரிட்டனர்.

சிவகாசியிலோ, அயல்நாட்டு வாணவெடிகள் வருவது குன்றவே, பட்டாசுத் தொழில் தலையெடுத்தது. மழை பொய்த்த விருதுநகர்ப் பக்கத்துக் கரிசற் குடும்பங்களுக்கு அக்கூலி நாளடைவில் ஆதரவாயிற்று. ஆயினும், கையில் பணமிருந்தும் கடையில் தானியம் இல்லையேல் பயன் யாது?

ஆதலின், பருத்தி விதைப்போர் தம் குடும்பத்துக்கு வேண்டிய சோளமும் கம்பும் விளைய ஒரு பங்கு நிலத்தை ஒதுக்கிவைப்பது நலம். கிராம அதிகாரிகளும் இதனை எடுத்துரைப்பார்களாக.