மாவு தானாகப் புளிக்கும்: குழு சிகிச்சை எப்படி இயங்குகிறது?

தன்னைத் தாழ்வாக நினைக்கும் பெண்ணிடம் “உனக்கென்ன குறைச்சல்?” என்று எத்தனை முறை சொன்னாலும் உள்ளே இறங்குவதில்லை. குழு சிகிச்சை வேறு வழியில் போகிறது. இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரை நாம் கடையில் வாங்கிப் போடுவதில்லை. அது உளுந்திலும் அரிசியிலுமே இருக்கிறது. அது வேலை செய்ய இடம் பண்ணிக்கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் ஆலோசகர் ஒவ்வொரு பெண்ணிடமும் தனியே பேசுகிறார். மோரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட, 10 வாக்கியங்கள் கொண்ட தன்மதிப்பு அளவுகோலைச் சிலர் பயன்படுத்துவார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் குழு காத்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு உடனே தனிக் கவனிப்பு வேண்டும்.

அடுத்தது பாத்திரம். விளிம்புவரை மாவை ஊற்றினால் பொங்க இடமிருக்காது. அதனால் ஏறக்குறைய ஒரே வயதுள்ள ஆறேழு பேர், மிஞ்சினால் பத்துப் பேர்.

பிறகு மூடி: இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. யாருக்காவது ஆபத்து என்றால் மட்டும் ஆலோசகர் சொல்லியாக வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

இனித்தான் புளிப்பு. முதல் சில வாரங்கள் மௌனமாகவே போகலாம். அவசரப்படுத்தக் கூடாது. ஒருநாள் ஒருத்தி, “நான் கறுப்பு, அதனால் போட்டோ எடுக்கும்போது பின்னால் போய் நின்றுகொள்வேன்” என்கிறாள் என்று வையுங்கள். எதிரே இருப்பவள், “நானும்தான்” என்கிறாள். அந்த ஒரு சொல் செய்வதை ஆலோசகரின் ஒரு மணி நேரப் பேச்சு செய்யாது. ‘எனக்கு மட்டும் இல்லை’ என்ற இந்த உணர்வுக்குக் குழு சிகிச்சை பற்றிய தமது 1970-ஆம் ஆண்டு நூலில் இர்வின் யாலோம் பெரிய இடம் கொடுத்தார்.

அப்புறம் இன்னொன்று நடக்கிறது. “நிறத்தில் என்ன இருக்கு? நீ பேசினால் எல்லாரும் கேட்கிறோமே” என்று முதலில் பேசியவள் மற்றவளைத் தேற்றுகிறாள். உடனே ஆலோசகர் தேற்றியவளிடம் மெல்லக் கேட்கிறார்: “இதையே உனக்கு நீ சொல்லிக்கொள்வாயா?” தன்னால் ஒருத்திக்கு ஆறுதல் தர முடிந்தது என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். வெளியிலிருந்து வரும் பாராட்டைத் தள்ளிவிடலாம், இதைத் தள்ள முடியாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் மூடியைத் திறந்து, “இன்றைக்கு என்ன பேசினாய்?” என்று துருவாதீர்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள். உங்கள் கவலையை ஆலோசகரிடம் தனியே சொல்லுங்கள். நீங்கள் அவரிடம் பேசப்போவதை அவளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.