கழுத்துக்குள் ஒரு கிடங்கு. அதன் முதுகில் நான்கு அரிசிமணிகள்!

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள தமிழர்களில் பலர் வைத்தியத்துக்குக் காட்பாடி ரயிலேறி வேலூர் போகிறார்கள். "தைராய்டு கோளாறு" என்று கேட்டுத் திரும்புகிறவர்களும் அவர்களில் உண்டு. மாத்திரைச் சீட்டு கையில் இருக்கும். அந்தத் தைராய்டு எங்கே இருக்கிறது? என்ன வேலை செய்கிறது?

குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி அது. எடை சுமார் 20 கிராம்தான்!

கூழ் நிரம்பிய உருண்டைகள்

அதில் ஒரு மெல்லிய சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், நுண்ணிய உருண்டைகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசைச் செல்கள்தான் சுவர். உள்ளே கூழ். ரத்தத்தில் வரும் அயோடினைச் சுவர்ச் செல்கள் இழுத்து அந்தக் கூழில் சேர்க்கின்றன. உடம்புக்குத் தேவைப்படும்போது கூழை உறிஞ்சி, ஹார்மோனாகப் பிரித்து ரத்தத்தில் விடுகின்றன. இரண்டு, மூன்று மாதத்துக்கான சரக்கு அங்கே இருப்பில் இருக்கும்.

வேலை குறைவானால் சுவர்ச் செல்கள் தட்டையாகிவிடும். வேலை மும்முரமானால் உயர்ந்து நிற்கும்; கூழ் வற்றும்.

ஹார்மோன் குறைந்தால் சோர்வு, உடல் கனத்தல், குளிர் தாங்காமை. மிகுந்தால் இளைப்பு, படபடப்பு, கைநடுக்கம். வயிற்றிலுள்ள குழந்தைக்குக் குறைந்தால் மூளை வளர்ச்சியே கெடும்.

ஸ்ரீகாகுளத்து டாக்டர்

அயோடின் வராவிட்டால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை விரட்டி வேலை வாங்கும். தைராய்டு வீங்கிக் கழலையாகும். ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு. ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. அயோடின் உப்பு உண்ட இடங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது.

மூட்டையைத் திறந்து அளந்து கொடுக்கும் கல் உப்பில் அயோடின் உண்டா என்று கண்ணால் அறிய முடியாது. "அயோடின் சேர்த்தது" என்று அச்சிட்ட பாக்கெட்டையே வாங்க வேண்டும். உப்பு ஜாடியை மூடி, அடுப்பை விட்டுத் தள்ளி வைப்பது நல்லது.

அரிசிமணிகள்

தைராய்டின் முதுகில் அரிசி அளவில், பெரும்பாலும் நான்கு, பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. மைக்ராஸ்கோப்பில் இவற்றில் கூழ் உருண்டைகள் இல்லை. நெருங்கிய செல் கூட்டங்களே தெரியும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை சுரக்கும் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும். சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும்.

லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தில் ரிச்சர்ட் ஓவன் இதை முதலில் கண்டார். மனித உடலில் 1880-ல் சுவீடன் மருத்துவ மாணவர் சாண்ட்ஸ்ட்ரோம் கண்டறிந்து எழுதினார். இதன் பயன் தெரியாத காலத்தில், கழலை அறுவைக்குப் பின் சிலருக்குக் கைகால் இழுத்துக்கொண்டது.

இன்றும் தைராய்டு அறுவைக்குப் பின் உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரமரப்பு வந்தால், பயணக் களைப்பு என்று படுத்துவிடக் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கால்சியம் கொடுத்தால் சரியாகும்.

வேலூர் சி.எம்.சி.யில் மட்டுமல்ல, திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையிலும் இந்தச் சுரப்பிகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. சோர்வு தீர்ந்தது என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவது மட்டும் ஆகாது. கிடங்கு காலியானவருக்கு அந்த மாத்திரைதான் சரக்கு!